மேல மலையில மழை

இல்ல தம்பி, பாலத்துக்குக் கீழ வேண்டாம். எடுங்க, எடுங்க. நிழல்தான், நான் இல்லேங்கல. அந்த நிழல்ல ஊர்க்காரன் எவனும் வண்டிய விடமாட்டான், அதான் அவ்ளோ எடம் காலியாக் கிடக்கு. இப்பிடி மேல ஏத்திக் கடைக்குப் பக்கத்துல விடுங்க. இன்னும் கொஞ்சம். இன்னும். ஆங், போதும்.

என்ன கேட்டீங்க, அருவிக்கா? இதே பாதைதான். அதோ சீமைப்பலா மரம் தெரியுது பாருங்க, அதுக்குப் பின்னாடி இறங்குது. அரை மணி நேர நடை. ஆத்த அஞ்சு எடத்துல தாண்டணும், எல்லாம் முழங்கால் அளவுதான். வழியெல்லாம் வெவரமாச் சொல்றேன். ஆனா இப்ப இல்ல. ஒரு மணி நேரம் போகட்டும், அப்புறம் சொல்றேன்.

வெயில் அடிக்குதேன்னு கேக்கறீங்க. இங்க அடிக்குது. நீங்க குளிக்கப் போற தண்ணி இங்க பெய்யற தண்ணியா? மேல இருந்து வர்றது. அந்தப் பக்கம் மலையப் பாருங்க. எந்த மலைன்னு கேக்கறீங்களா? அதத்தான் சொல்றேன். காலையில அங்க ஒரு மலை இருந்துச்சு.

உக்காருங்க. அந்தப் பெட்டி மேல உக்காருங்க, அது தாங்கும். பேக்ஸ் போடறேன், சாப்பிட்டிருக்கீங்களா? மைதா மாவத் தட்டி எண்ணெயில போட்டு எடுக்கறது, உள்ள உப்புக் கருவாடு வச்சுத் தருவேன். ரெண்டு பேருக்கும் நாலு போடறேன். உங்க வீட்டம்மா வண்டியிலயே இருக்காங்களா? ஏசி போட்டிருக்கா? சரி சரி, இருக்கட்டும். வேற எங்கயும் இறங்கிப் போகாம இருந்தாச் சரி.

என் பேரு தியோஃபில். ஊருக்குள்ள அந்தப் பேரச் சொல்லிக் கேட்டா யாருக்கும் தெரியாது. ரேடியோன்னு கேளுங்க, காட்டுவாங்க.

நாட்டுக்கு எப்ப வந்தீங்க? நேத்தா. எத்தன நாளு? அஞ்சு நாள்ல டொமினிக்காவப் பாத்து முடிச்சிடலாம்னு யாரு சொன்னது உங்களுக்கு? சிரிக்காதீங்க. மேப்புல விரல வச்சா ரெண்டு விரல்கடை இருக்கும், அத நம்பித்தான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. இங்க தூரத்த மைல்ல கணக்கு பண்ணாதீங்க, வளைவுல கணக்கு பண்ணுங்க. ஒவ்வொரு வளைவுலயும் ஹார்ன் அடிக்கணும். உங்க ஊருல ஹார்ன் அடிச்சா சண்டைக்கு வருவான். இங்க அடிக்கலேன்னாத்தான் வருவான், அதுவும் நேரா உங்க பானெட் மேல. இடது பக்கமாத்தானே ஓட்டறீங்க? நேத்து ஒரு தடவை மறந்துட்டீங்களா? ஒரு தடவைதானே, பரவால்ல. ரெண்டாந்தடவை மறந்தவங்கள நான் இங்க உக்கார வச்சு பேக்ஸ் கொடுத்ததில்ல.

பஸ்ஸ நம்பி எங்கயும் போகாதீங்க. போறதுக்கு இருக்கும், திரும்பறதுக்கு இருக்காது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ரோட்டுல நின்னு கை காட்டினா, நாங்களும் உங்களுக்குக் கை காட்டிட்டுப் போவோம். ஞாயித்துக்கிழமை எல்லாம் கர்த்தர்தான் வரணும்.

அப்புறம் துணி. பட்டாளத்துக்காரன் போடற மாதிரி பச்சைப்புள்ளி போட்ட சட்டை, தொப்பி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? இருந்தாப் பெட்டியோட அடியில போட்டுடுங்க. இங்க அத சாதா ஆளு போடக்கூடாது, சட்டம். வேட்டைக்காரன் மாதிரி இருக்கேன்னு எவனோ போட்டுட்டு வந்து போலீஸ் ஸ்டேஷன்ல பனியனோட உக்காந்திருந்தான்.

தண்ணியா? குழாய்த் தண்ணிய தைரியமாக் குடிங்க. பாம்புக்கும் பயப்படாதீங்க. தூண் தண்டிக்கு இருக்கும், ஒண்ணும் பண்ணாது, கடிச்சு ஆளக் கொல்ற பாம்பு இந்த நாட்டுலயே கிடையாது. தேள் கடிச்சாலும் ரெண்டு நாள் திட்டிட்டு எழுந்திருச்சிடலாம். வடக்க கடற்கரைக்குப் போனா மட்டும் மரத்தப் பாத்து உக்காருங்க. சின்னதா, பச்சையா ஆப்பிள் மாதிரி காய் உதிர்ந்து கிடக்கும், வாசனையா வேற இருக்கும். தொடாதீங்க. மழை பெய்யுதுன்னு அந்த மரத்தடியில ஒதுங்கினா, எலையில பட்டு வர்ற தண்ணி மேல விழுந்து தோலு வெந்து போயிடும். சில மரத்துல செவப்பு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. அடிக்காத மரமும் அதே மரம்தான்.

பயமுறுத்தறேனா? அய்யய்யோ. எங்க ஊரு நல்ல ஊரு தம்பி. இங்க எவனும் உங்க பையப் பிடுங்க மாட்டான். வண்டிய விட்டு சாவிய மறந்துட்டுப் போனீங்கன்னா தேடி வந்து கொடுப்பான். இங்க ஆள அடிக்கறது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு புயல் காத்து. அது வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே ரேடியோவுல சொல்லிடுவான். இன்னொண்ணு ஆறு. அத யாரும் சொல்றதில்ல. வருஷத்துல எத்தன நாளோ அத்தன ஆறு இருக்கு எங்க நாட்டுலன்னு உங்க ஓட்டல்காரன் பெருமையாச் சொல்லியிருப்பான். சொன்னானா? எந்த நாளுக்கு எந்த ஆறுன்னு சொல்லியிருக்க மாட்டானே.

டேய் லெனக்ஸ்! போடா போடா, உன் வண்டிக்கு மொதல்ல பிரேக்கு போடு! பாத்தீங்களா, பஸ்ஸு ஓட்டறவன். ரேடியோ இன்னிக்கு எந்த ஸ்டேஷன்னு கத்திட்டுப் போறான். தினம் இதான். வர்றவன் போறவன எல்லாம் பிடிச்சு வச்சுப் பேசறேன்னு கிண்டல். முன்னாடி நான் இப்பிடி இல்ல. ஒரு வார்த்தைக்கு ரெண்டு வார்த்தை பேசமாட்டேன். பேக்ஸ் சுட்டதெல்லாம் என் வீட்டுக்காரி ஆல்பெர்த்தாதான், வாயாடறதும் அவதான். நான் மூலையில உக்காந்து மீன் செதில் உரிச்சுக்கிட்டு இருப்பேன். உனக்குப் பேச்சு வரணும்னா வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வரணும் போலம்பா. அவ தவறி மூணு வருஷம் ஆச்சு. அவ சுட்ட பேக்ஸ் மாதிரி இது உப்பி வராது, இப்பவே சொல்லிடறேன்.

இருங்க, ஆத்த ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன். ஒரே நிமிஷம்.

தம்பி, இங்க வாங்க. பாலத்துக் கம்பியில சாயாதீங்க, சும்மா நின்னு பாருங்க. அதோ நடுவுல கழுத்து மாதிரி நீட்டிக்கிட்டு ஒரு கல்லு இருக்குல்ல? நீங்க வரும்போது அதோட கழுத்து வரைக்கும் தண்ணி இருந்துச்சு. இப்ப எங்க இருக்கு? ஆமா, வயித்துக்குக் கீழ போயிடுச்சு. குறைஞ்சிருக்கு.

குறைஞ்சா நல்லதுதானேன்னு கேக்கறீங்க. எல்லாரும் அப்பிடித்தான் கேப்பாங்க. தண்ணி கம்மியா இருக்கு, இப்பவே போயிட்டு வந்துடலாம்னு தோணும். மேல அவ்ளோ மழை கொட்டுது, கீழ தண்ணி குறையுது. அப்ப அந்தத் தண்ணியெல்லாம் எங்க நிக்குது? யோசிங்க. எங்கயோ கரை சரிஞ்சு ஒரு மரம் குறுக்க விழுந்திருக்கு. அதுக்குப் பின்னாடி மண்ணு, கல்லு, எலை எல்லாம் சேந்து அடைச்சிருக்கு. அது எவ்ளோ நேரம் தாங்கும்னு அந்த மரத்துக்கே தெரியாது.

வாங்க, உக்காருவோம்.

உங்க வீட்டம்மா ஹார்ன் அடிக்கறாங்க. கோவமா இருக்காங்களா? ஆமா, எனக்கே தெரியுது, அரை மணி நேரம் ஆச்சு, நாலு பேக்ஸ் சுட இவ்ளோ நேரமான்னு கேக்கறாங்க. நியாயம்தான். உண்மையச் சொல்லிடறேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. அடுப்ப நான் இன்னும் பத்த வைக்கவே இல்ல. கரி போட்டேன், நெருப்பு வைக்கல. நீங்க பாக்கலையே, அதனால பேசிக்கிட்டே மாவத் தட்டிக்கிட்டு இருந்தேன். பேக்ஸ் கையில வந்ததும் நீங்க எழுந்து போயிடுவீங்க. எனக்கு வேற வழி தெரியல.

திட்டுங்க, பரவால்ல. பைத்தியக்காரன்னு கூடச் சொல்லுங்க. ரோட்டு வழியாக் கிளம்பிப் போறதா இருந்தா தாராளமாப் போங்க, வெந்நீர் ஊத்து இருக்கு, கந்தக வாசனை அடிக்கும், அங்க போய்க் குளிங்க, இன்னிக்கு முழுக்கக் குளிங்க. இந்தப் பாதையில மட்டும் இறங்காதீங்க.

ஏன், என்ன? எங்க போறாங்க அவங்க? வண்டியில இல்லையே. துண்ட எடுத்துக்கிட்டு... தங்கச்சி! தங்கச்சி, அங்க இறங்காதீங்க! தம்பி, நீங்க கூப்பிடுங்க. என் குரலுக்குத் திரும்ப மாட்டாங்க, உங்க குரலுக்குத்தான் திரும்புவாங்க. பேரச் சொல்லிக் கத்துங்க. இன்னும் சத்தமா! வெக்கம் எல்லாம் அப்புறம் படலாம், கத்துங்க!

அப்பாடா. வர்றாங்க. முறைச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க, வரட்டும். வாங்க தங்கச்சி, வாங்க. என்னையத் திட்டணும்னா இங்க நிழல்ல உக்காந்து திட்டுங்க. இந்தாங்க, சோரெல் தண்ணி, செவப்புப் பூவ ஊற வச்சுப் போடறது, குளுகுளுன்னு இருக்கும். காசெல்லாம் வேண்டாம். பத்து நிமிஷம் அவர்கூட உக்காருங்க. பத்து நிமிஷத்துல ஒண்ணும் ஆகலேன்னா நானே கையப் பிடிச்சு அருவி வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். ரேடியோ பொய் சொல்லமாட்டான்.

என்ன தங்கச்சி? வாசனையா? ஆமா, மண் வாசனை. புதுசா குழி தோண்டினா வருமே, அதே வாசனை. உங்களுக்கும் வருதுல்ல? தவளைச் சத்தமும் நின்னுபோச்சு, கவனிச்சீங்களா?

எழுந்திருங்க. ரெண்டு பேரும் எழுந்திருங்க. பயப்படாதீங்க, இது மேடு, இங்க வராது. அந்தப் புயல் வருஷத்துலயே படி வரைக்கும்தான் வந்துச்சு. கல்லு உருள்ற சத்தம் அது. தண்ணிக்கு முன்னாடி கல்லு சத்தம்தான் வரும், லாரியில பீப்பாய் உருட்ற மாதிரி. அதோ. அதோ பாருங்க வளைவுல.

பாத்தீங்களா.

பாலத்துக்குப் போகாதீங்க, இங்க இருந்தே பாருங்க. ஃபோட்டோ எடுக்கணும்னா எடுத்துக்கோங்க. நீங்க வண்டி நிறுத்த வந்த எடம் தெரியுதா? தெரியாது, இனிமே நாளைக்குத்தான் தெரியும். அந்த மரம் போகுது பாருங்க, வேரு மேல பாத்த மாதிரி, எலைகூட வாடல. காலையில நின்னுக்கிட்டு இருந்த மரம்.

அழாதீங்க தங்கச்சி. ஒண்ணும் ஆகலியே. இங்க நிக்கறீங்க, அவரும் நிக்கறாரு. தம்பி, அவங்க தோளப் பிடிச்சுக்கோங்க. பணமா? அதெல்லாம் எடுக்காதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். இப்ப அடுப்பப் பத்த வைக்கறேன். இப்பத்தான் நிஜமாப் பசிக்கும் உங்களுக்கு.

கேட்டீங்களே, எப்பிடித் தெரியும்னு. எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும். தண்ணி குறையறது, வாசனை, மேல மேகம் மூடிக் கிடக்கறது, எல்லாம் சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். தெரியறதுல என்ன இருக்கு? வாயத் திறந்து சொல்லணுமே.

இங்க எங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. கடைக்குள்ள வந்தாலும் சரி, பஸ்ல ஏறினாலும் சரி, ரோட்டுல வழி கேட்டாலும் சரி, மொத வார்த்தை போன்ஜூன்னு வரணும். குட் மார்னிங்னாலும் சரி, ஏதோ ஒரு வணக்கம். அது இல்லாம நேரா அது எங்க, இது எவ்ளோன்னு கேட்டா நாங்க திரும்பிப் பாக்க மாட்டோம். எங்க அப்பா அப்பிடித்தான், அவங்கப்பாவும் அப்பிடித்தான். வணக்கம் சொல்லாதவன் ஆளே இல்ல, காத்துன்னு விட்டுடுவாங்க. கெட்ட எண்ணம் இல்ல தம்பி. எங்கள ஆளா நினைச்சுப் பேசுன்னு அர்த்தம். அவ்ளோதான்.

மூணு வருஷம் முன்னாடி, பிப்ரவரி மாசம், ரெண்டு பேரு வந்தாங்க, உங்கள மாதிரியே, புருஷன் பொண்டாட்டி. கண்ணாடிய இறக்கி, அருவி எந்தப் பக்கம்னான் அந்த ஆளு. போன்ஜூ இல்ல, ஒண்ணும் இல்ல. நான் மீன் செதில் உரிச்சுக்கிட்டு இருந்தேன். உரிச்சுக்கிட்டே இருந்தேன். மறுபடி கேட்டான், கொஞ்சம் சத்தமா, செவிடன்கிட்ட கேக்கற மாதிரி. நான் தலையத் தூக்கல. அவன் தோளக் குலுக்கிட்டு வண்டிய ரோட்டோரமா விட்டுட்டு, ரெண்டு பேரும் பாதையில இறங்கிப் போயிட்டாங்க.

மேல மூடித்தான் கிடந்துச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன்.

ஆல்பெர்த்தா உள்ள மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தவ வெளிய வந்துட்டா. யோவ், மேல கறுத்துக் கிடக்கு, கூப்பிட்டுச் சொல்லுய்யான்னா. மொதல்ல போன்ஜூ சொல்லக் கத்துக்கட்டும், அப்புறம் அருவியப் பாக்கட்டும்னேன். உன் மரியாதைய மடிச்சுத் தலைக்கு வச்சுப் படுத்துக்கோன்னு சொல்லிட்டு, மாவுக் கையப் பாவாடையில துடைச்சுக்கிட்டு அவ இறங்கினா. கனத்த உடம்பு, ஓடமாட்டா. அன்னிக்கு ஓடினா. நான் இங்க நின்னு சிரிச்சேன். ஓடு ஓடு, கப்பல்ல வந்தவன் உனக்கு சாக்லேட் தருவான்னேன். அவ திரும்பாமலே கைய மட்டும் தூக்கி ஆட்டிட்டுப் போனா.

அதுக்கப்புறம் கால் மணி நேரம் ஆச்சோ என்னமோ, கல்லு சத்தம் கேட்டுச்சு.

ஊருல யாருக்கும் இது தெரியாது தம்பி. ஆத்தங்கரையில கீரை பறிக்கப் போனான்னு எவளோ சொன்னா, நான் அப்பிடியே விட்டுட்டேன். கோயில்ல ஃபாதரும் அதத்தான் சொல்லி ஜெபம் பண்ணாரு. மூணாம் நாளு கடல்ல வலை போட்டவங்க அவளக் கொண்டாந்தாங்க. நீங்க அஞ்சு நாள்ல போயிடுவீங்க, அதான் சொல்றேன்.

அந்த ரெண்டு பேரா? அவங்க ஆத்துப் பக்கமே போகல. கொஞ்ச தூரம் போனதும் பாதை ரெண்டாப் பிரியும். அவங்க தப்பான பக்கம் திரும்பி, மேல பழைய கோகோ தோட்டத்துக்குள்ள சுத்திட்டு, அருவியே இல்லையேன்னு திரும்பிட்டாங்க. நான் பாலத்துல நின்னு கத்திக்கிட்டு இருந்தேன். பின்னாடி வந்து நின்னாங்க. கால்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல. தண்ணி பாட்டில் இருக்கான்னான் அந்த ஆளு.

என் வீட்டுக்காரியப் பாத்தீங்களான்னு கேட்டேன். அவங்ககிட்ட நான் பேசின மொத வார்த்தை அதுதான்.